பக்கத்து ஆலையில் என்ன இருக்கிறது?

பூச்சிக்கொல்லி வாங்கும்போது டப்பாவில் சிவப்பு முக்கோணமா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்று பார்த்து வாங்குங்கள் என வேளாண் துறையினர் சொல்லிச் சொல்லி, இன்று பல விவசாயிகள் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நல்ல பழக்கம். அந்த டப்பாவுக்குள் இருப்பது எங்கே, எதிலிருந்து தயாராகிறது என்பதை மட்டும் நாம் யாரும் கேட்பதில்லை. கடை வாசலோடு நம் கேள்வி நின்றுவிடுகிறது. கடலூர், மணலி, தூத்துக்குடி, ராணிப்பேட்டை வட்டாரங்களில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு அது கடையோடு முடிகிற விஷயம் இல்லை. அங்கே பல இடங்களில் வரப்பு முடிந்தால் ஆலையின் சுற்றுச்சுவர்.

2021 மே மாதம் கடலூர் சிப்காட்டில் பூச்சிமருந்து ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவு, எண்ணூரில் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் இருட்டில் வீட்டை விட்டு ஓடினார்கள். ஒன்று பூச்சிமருந்து, மற்றொன்று உரம். இரண்டும் நம் வயலுக்காகச் செய்யப்படுபவை. எனவே இந்த ஆலைகளின் ஆபத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது பொறியாளர்களின் வேலை மட்டும் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

இதைப் புரிந்துகொள்ள நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் போபாலைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. போபால் விபத்தை எல்லோரும் அறிவோம். அங்கே தயாரானது என்ன என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கார்பரில் என்ற பூச்சிக்கொல்லி. 'செவின்' என்ற பெயரில் விற்றது. பருத்திக் காய்ப்புழுவுக்கும் மா தத்துப்பூச்சிக்கும் 'கார்பரில் 50 சத நனையும் தூள்' தெளிக்கச் சொன்ன பழைய பரிந்துரைக் கையேடுகள் இன்னும் பல விரிவாக்க அலுவலகங்களின் அலமாரியில் இருக்கும். மூத்த விவசாயிகள் பலர் கையாலேயே கரைத்துத் தெளித்த மருந்து அது.

அந்தத் தூளைச் செய்ய இடையில் ஒரு திரவம் தேவைப்பட்டது. மெத்தில் ஐசோசயனேட், சுருக்கமாக எம்.ஐ.சி. கார்பரிலைவிடப் பல மடங்கு கொடியது. சுமார் 39 டிகிரி வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலே அதற்குப் போதும். அதன் ஆவி காற்றைப் போல இரண்டு மடங்கு கனம் என்பதால் மேலே போகாமல் தரையோடு படரும். தண்ணீர் பட்டால் வெப்பத்தைக் கக்கும். ஆகவே அதைத் தண்ணீர் அணுகாமல், 0 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும்.

தண்ணீர் பட்டால் ஏன் சூடாகிறது என்று வேதியியல் சொல்லி விளக்க வேண்டியதில்லை. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஈரம் காயாத வைக்கோலைப் போராகப் போட்டால் சில நாளில் உள்ளே கை நுழைக்க முடியாது. சில சமயம் தானாகவே புகைந்து பற்றிக்கொள்வதும் உண்டு. அதே ஈர வைக்கோல் ஒரு கட்டாகத் தனியே கிடந்தால் ஒன்றும் ஆகாது. சிறு குவியலில் உண்டாகும் சூடு உடனுக்குடன் வெளியேறிவிடுகிறது. பெரிய குவியலில் உண்டாகிற வேகத்துக்கு வெளியேற வழியில்லை. சூடு ஏற ஏற வினை வேகம் கூடும், வேகம் கூடக் கூடச் சூடு இன்னும் ஏறும். ரசாயன ஆலை விபத்துகளில் மிகக் கொடியவை பலவும் இந்த ஒரே கணக்கில் அடங்கும்.

போபாலில் 610 என்ற எண்ணிட்ட தொட்டியில் அன்று சுமார் 42 டன் எம்.ஐ.சி. இருந்தது. பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது என்ற நிறுவனத்தின் சொந்த விதியையும் மீறிய அளவு. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு அதற்குள் தண்ணீர் புகுந்தது. எப்படிப் புகுந்தது என்பதில் இன்றுவரை இரண்டு கதைகள் உண்டு. குழாய்களைக் கழுவியபோது அடைப்புத் தகடு போடாததால் வந்தது என்கிறார்கள் தொழிலாளர்கள். யாரோ வேண்டுமென்றே தண்ணீர்க் குழாயை இணைத்தார்கள் என்கிறது நிறுவனம். இந்த வாதத்துக்குள் போக எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் தண்ணீர் எப்படி வந்திருந்தாலும், வந்த பிறகு அதைத் தாங்கிப் பிடிக்க அடுக்கடுக்காகப் பாதுகாப்பு இருந்திருக்க வேண்டும். காகிதத்தில் அது இருக்கவும் செய்தது.

முதலில் குளிர்விக்கும் இயந்திரம். அதை 1984-ஆம் ஆண்டின் நடுவிலேயே நிறுத்தி, அதிலிருந்த குளிர்வாயுவையும் எடுத்துவிட்டார்கள். தொட்டி வெளி வெப்பத்தில் கிடந்தது. கசியும் வாயுவைக் காரநீரில் கழுவி நச்சை நீக்கும் கோபுரம், உற்பத்தி நின்றிருந்ததால் காத்திருப்பில் வைக்கப்பட்டிருந்தது. மிஞ்சியதை எரித்துவிடும் தீக்கோபுரத்துக்குப் போகும் குழாயின் ஒரு துண்டைப் பழுது பார்க்கக் கழற்றி வைத்திருந்தார்கள். கடைசியாகத் தண்ணீரைப் பீய்ச்சியடித்து வாயுவை அமுக்கப் பார்த்தார்கள். வாயு வெளியேறிய போக்கியின் உயரம் சுமார் 33 மீட்டர்; பீய்ச்சிய தண்ணீர் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

இவற்றில் ஒன்றைத் தனியாக எடுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்ல முடியும். உற்பத்தி இல்லாதபோது குளிர்விப்பு எதற்கு, மின்சாரம் வீண். ஒரு குழாய்த் துண்டுதானே, அடுத்த வாரம் மாட்டிவிடலாம். ஆலைக்கு அப்போது வருமானமும் இல்லை. வறட்சியாலும் கடனாலும் விவசாயிகள் மருந்து வாங்குவது குறைந்திருந்தது. உரிமம் பெற்ற 5,000 டன்னை உற்பத்தி எந்த ஆண்டும் எட்டவில்லை. அதனால் செலவைக் குறைத்தார்கள். எம்.ஐ.சி. பிரிவில் 12 பேர் பார்த்த வேலைக்கு 6 பேர். இரவு நேரப் பராமரிப்பு மேற்பார்வையாளர் பதவியே எடுக்கப்பட்டது. 1982-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து வந்த நிபுணர்கள் 61 குறைகளைக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அதில் 30 பெரிய குறைகள். அதே ஆண்டில் ராஜ்குமார் கேஸ்வானி என்ற போபால் பத்திரிகையாளர், நகரம் எரிமலை வாயில் உட்கார்ந்திருக்கிறது என்ற பொருளில் எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை.

நட்டத்தில் ஓடும் ஆலை லாபத்தில் ஓடும் ஆலையைவிட ஆபத்தானது. இது என் கருத்து. இந்த வரலாற்றைப் படித்த எவருக்கும் இதே எண்ணம் வரும் என்று நினைக்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கத்து ஆலையில் ஆள் குறைப்பு நடக்கிறது, ஒப்பந்தத் தொழிலாளர்கள் மாதத்துக்கு ஒரு தடவை மாறுகிறார்கள், பாதி நாள் இயங்குவதில்லை என்று கேள்விப்பட்டால், 'ஆலை ஓடவில்லை, நமக்குப் பயமில்லை' என்று இருந்துவிடாதீர்கள். ஓடாத ஆலையின் தொட்டியில் சரக்கு இருக்கும்.

அன்று இரவு 11.30 மணி வாக்கிலேயே தொழிலாளர்களுக்குக் கண் எரிந்தது. சிறு கசிவுகள் அங்கே வாடிக்கை என்பதால், தேநீர் இடைவேளைக்குப் பிறகு பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அழுத்தமானி அதிகமாகக் காட்டியது. அந்தக் கருவிகள் அடிக்கடி தப்பாகக் காட்டும் என்பதால் யாரும் நம்பவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு தொட்டியின் மேலிருந்த காங்கிரீட் அதிர்ந்து பிளந்தது. அடுத்த இரண்டு மணி நேரத்தில் சுமார் 40 டன் வாயு நகருக்குள் போயிற்று. ஊருக்கான அபாயச் சங்கு ஒரு மணிக்குச் சற்று முன் ஒலித்து, மக்கள் பீதியடைவார்கள் என்று சீக்கிரமே நிறுத்தப்பட்டது. மறுபடி ஒலித்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அதற்குள் ஆலைக்கு எதிரே குடிசைகளில் உறங்கியவர்களில் பலர் பிணமாகியிருந்தார்கள்.

குளிர்கால இரவு, மெல்லிய காற்று. மார்கழி விடியலில் அடுப்புப் புகை மேலே எழும்பாமல் தெருவோடு படுத்துக் கிடக்குமே, அதே நிலைமை. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது, வெளியேறும் எந்த வாயுவும் கலைந்து போகாது. மக்கள் வாயு வந்த திசைக்கு எதிரே, அதாவது காற்று போகும் திசையிலேயே ஓடினார்கள். வாயுவும் கூடவே போயிற்று. ஓடியவர்கள் மூச்சை இழுத்து இழுத்து வாங்கியதால் கூடுதல் நஞ்சு உள்ளே போனது. முகத்தை ஈரத் துணியால் மூடினால் ஓரளவு தப்பலாம் என்ற ஒரு வரித் தகவல் யாருக்கும் சொல்லப்பட்டிருக்கவில்லை. மருத்துவமனையில் குவிந்தவர்களுக்கு என்ன மருந்து கொடுப்பது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. வெளியானது என்ன வாயு என்பதே அவர்களுக்குத் தெரியாது.

உடனடி மரணம் 2,259 என்று முதலில் அரசு சொன்னது. பிறகு 3,787 என்றது. இழப்பீடு தரப்பட்ட இறப்புகள் 5,000-க்கு மேல். பாதிக்கப்பட்டவர்கள் 5 லட்சத்துக்கும் அதிகம். மாடுகளும் ஆடுகளும் கட்டுத்தறியிலேயே செத்துக் கிடந்தன. மரங்கள் சில நாட்களில் இலை உதிர்த்தன. கார்பரிலை இந்திய அரசு 2018-இல் தடை செய்துவிட்டது. அந்த மருந்து இன்று கடையில் இல்லை. அதைச் செய்த ஆலையில் மிஞ்சிய 337 டன் நச்சுக் கழிவு மட்டும் 2025 ஜனவரியில்தான் பீதம்பூருக்கு எடுத்துப்போகப்பட்டது; அதன் பிறகே எரிக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. எம்.ஐ.சி.யைத் தொட்டி தொட்டியாகச் சேமித்து வைக்காமலும் கார்பரில் செய்யலாம். ஜெர்மனியின் பேயர் நிறுவனம் வேறு வழியில் செய்தது, செலவு கூடுதல். டிரெவர் கிளெட்ஸ் என்ற பிரிட்டிஷ் பாதுகாப்பு அறிஞர் 1970-களிலேயே வலியுறுத்தியதும் இதைத்தான்: ஆபத்தான பொருளுக்குக் காவல் போடுவதற்கு முன், அது இவ்வளவு தேவையா என்று கேளுங்கள், குறைத்து வையுங்கள், முடிந்தால் வைக்கவே வேண்டாம். காவல் தூங்கிவிடலாம். இல்லாத சரக்கு கசியாது.

இது நம் வீட்டுக்கும் பொருந்தும். தானியத்துக்குப் புகைமூட்டம் போட வாங்கிய அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையில் மிச்சத்தைப் படுக்கை அறைப் பரணில் வைத்திருப்பவர்கள் உண்டு. காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் என்ற கொடிய வாயு வரும். தண்ணீரைக் கண்டால் நஞ்சாகும் பொருள். போபால் தொட்டியின் சின்ன உருவம்தான். அதைப் பொதுமக்களுக்கு விற்கவே அனுமதி இல்லை. அரசு நிறுவனங்களும் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும் மட்டுமே கையாளலாம். விரிவாக்கப் பணியாளர்கள் வீடு வீடாகப் போகும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்.

போபாலோடு இந்தக் கதை முடிந்துவிடவும் இல்லை. 2020 மே 7-ஆம் தேதி அதிகாலை விசாகப்பட்டினத்தில் பாலிமர் ஆலை ஒன்றின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி ஊருக்குள் புகுந்தது. 12 பேர் இறந்தார்கள், கால்நடைகளும் மடிந்தன. ஊரடங்கால் ஆலை நின்றிருந்த காலம். ஓடாத ஆலை, உள்ளே சரக்கு, மெல்ல மெல்லச் சூடேறும் தொட்டி. வெப்பமானி தொட்டியின் அடிப்பகுதியில் மட்டும் இருந்தது. மேலே ஏறிய சூடு தெரியவில்லை. அபாயச் சங்கை ஒலிக்கச் செய்ய ஆலைக்குள் 36 இடங்களில் வசதி இருந்தும் ஒன்றுகூட இயக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு கண்டது.

காற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். 1986 நவம்பர் 1-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே வேளாண் ரசாயனக் கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. தீயை அணைத்துவிட்டார்கள். அணைக்கப் பயன்படுத்திய தண்ணீர் பூச்சிக்கொல்லிகளையும் சாயத்தையும் கரைத்துக்கொண்டு ரைன் ஆற்றில் கலந்தது. ஆறு சிவந்தது, பல நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. ஆலையில் தீ என்றால் நாம் புகையைத்தான் பார்ப்போம். வாய்க்காலைப் பார்க்க வேண்டும். தீயணைத்த தண்ணீரைத் தேக்கி வைக்க ஆலைக்குள் தொட்டி இருக்கிறதா, இல்லை அது நேராக உங்கள் ஏரிக்கு வரும் ஓடையில் விழுமா என்பது ஆயக்கட்டு விவசாயிகள் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டிய கேள்வி.

யாரிடம் கேட்பது? போபாலுக்குப் பிறகு வந்த சட்டங்களில் நமக்கு உதவுபவை சில உண்டு. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அபாயகர ரசாயனங்களைத் தயாரிப்பது, சேமிப்பது, இறக்குமதி செய்வது பற்றிய விதிகள் 1989-இல் வந்தன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆபத்தான ரசாயனம் வைத்திருக்கும் ஆலை, விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்டார மக்களுக்கு அந்த ஆபத்தின் தன்மையையும் அப்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதையும் தெரிவிக்க வேண்டும். ஆலைக்குள் 6 மாதத்துக்கு ஒருமுறை அவசரகால ஒத்திகை. ஆலைக்கு வெளியே ஊருக்கான அவசரத் திட்டத்துக்கு மாவட்ட நிர்வாகம் பொறுப்பு. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை நடத்த வேண்டும். 1996-ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்ட அளவிலும் உள்ளூர் அளவிலும் நெருக்கடிக் குழுக்கள் இருக்க வேண்டும்.

நடைமுறையில் ஒத்திகை ஆலை வளாகத்துக்குள் புகைப்படத்தோடு முடிந்துவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஊர் மக்கள் இல்லாத ஒத்திகையால் ஊருக்கு என்ன பயன்? கிராம சபையில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்: இந்த ஆலையில் எந்த ரசாயனம், அதிகபட்சம் எத்தனை டன் வைக்கிறார்கள், கசிந்தால் எவ்வளவு தூரம் வரும், சங்கொலி எப்படி இருக்கும், ஷிப்டுக்கு ஊதும் சங்கிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு அந்த ரசாயனத்தின் பெயரும் சிகிச்சை முறையும் கொடுத்திருக்கிறார்களா. பதில் வராவிட்டால் மாவட்ட ஆட்சியரிடமும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையின் மாவட்ட அலுவலகத்திலும் மனு கொடுங்கள்.

கசிவு நேர்ந்துவிட்டால் முதலில் காற்றைப் பாருங்கள். மருந்து தெளிக்கும்போது கொஞ்சம் மண்ணை உதிர்த்துக் காற்றின் திசை பார்ப்பது விவசாயிக்குக் கைவந்த கலை. அதுவே இங்கும் போதும். காற்று வரும் திசைக்கும் போகாதீர்கள், போகும் திசைக்கும் போகாதீர்கள். குறுக்கே விலகுங்கள். மூக்கையும் வாயையும் ஈரத் துண்டால் மூடிக்கொள்ளுங்கள். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் ஈரத்துணி அதற்கு ஓரளவு நன்றாகவே உதவும். வாயு ஏற்கெனவே தெருவில் வந்துவிட்டது, விலக வழியில்லை என்றால் வீட்டுக்குள் இருங்கள். கதவு, சன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகி, மின்விசிறியையும் ஏர்கூலரையும் நிறுத்திவிடுங்கள். கண் எரிந்தால் தேய்க்காமல் கால் மணி நேரம் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

அமோனியா வாயு காற்றைவிட லேசானதுதானே, மேலே போய்விடும் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் திரவ அமோனியா சட்டென்று வெளியேறும்போது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து குளிர்ந்த வெண்மூட்டமாகத் தரையோடு படரும். பனிமூட்டம் என்று எண்ணி அருகே போகக்கூடாது. தேங்கி நிற்கும் திரவத்தின் மேல் தண்ணீர் ஊற்றவும் கூடாது; இன்னும் வேகமாகக் கொதித்து ஆவியாகும்.

மாடுகளை என்ன செய்வது? நேரம் இருந்தால் ஓட்டிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு நீங்கள் விலகுங்கள். மாட்டுக்காகத் திரும்பி உள்ளே போக வேண்டாம். சொல்வது எளிது, கறவை மாட்டை விட்டுவிட்டு வருவது எவ்வளவு கடினம் என்பது தெரியும். அதனாலேயே ஆலைப் பக்கத்துக் கொட்டகைகளில் இறுகும் முடிச்சுக்குப் பதிலாக இழுத்தால் அவிழும் உருவு முடிச்சுப் போடச் சொல்கிறேன்.

மூட்டம் கலைந்த பிறகு கீரையையும் பசுந்தீவனத்தையும் உடனே அறுக்காதீர்கள். என்ன ரசாயனம் என்று தெரிந்து, வேளாண் அலுவலரும் கால்நடை மருத்துவரும் சொல்லும்வரை பொறுங்கள். கருகிய பயிரை உழுதுவிடுவதற்கு முன் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வேளாண் அலுவலர் அன்றே வயலைப் பார்த்து எழுத்தில் குறித்துத் தர வேண்டும்; மாடு இறந்திருந்தால் கால்நடை மருத்துவரின் பரிசோதனை அறிக்கை வேண்டும். 1991-ஆம் ஆண்டு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின்படி உயிரிழப்புக்கும் காயத்துக்கும் சொத்துச் சேதத்துக்கும் உடனடி நிவாரணம் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனு செய்யலாம். ஆலையின் தவறு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டிய அவசியம் அதில் இல்லை. விபத்து நடந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.